குண்டன் வரும் சத்தம்

மாமனாரின் வாயில் இருக்கும் பல்செட்டைச் செய்தவள் மூத்த மருமகள். அந்தப் பல்லைக் காட்டி அவர் சிரிப்பதோ இளைய மருமகளைப் பார்த்து. ஒரு மனுஷிக்கு வயிறு எரிய இது ஒன்று போதாதா?

பெரியவளுக்குப் பல் லேபில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டரை ஊற்றி ஈறு வார்ப்பாள். மெழுகை உருக்கி ஒவ்வொரு பல்லாக நடுவாள். அவள் மேஜைமேல் எந்நேரமும் யார் யாருடைய வாய்களோ பிளந்து கிடக்கும். மாமனாருக்குப் பற்கள் போனபோது வேறு யாரையும் தொடவிடாமல் தானே உட்கார்ந்து செய்தாள். அவருக்கு முன்பல் ஒன்று லேசாகச் சாய்ந்திருக்கும். அதையும் நினைவில் வைத்து அப்படியே சாய்த்து நட்டாள். போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தவர், "இது என் சிரிப்பேதாம்மா," என்றார். அன்றைக்கு அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

இப்போது அந்தச் சிரிப்பு சோபாவில், சின்னவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறது.

சோபா என்றதும் பூத ஆட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வீடியோ கேமுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. மாமனாரின் வாயில் அது நுழையவில்லை, பல் இருந்த காலத்திலேயே நுழையவில்லை. "பூத ஆட்டம்" என்றார். வீடும் அப்படியே சொல்லப் பழகிவிட்டது. கல்யாணமான புதிதில் பெரியவள் படியில் சறுக்கிக் கால் முறிந்து, கட்டுப் போட்டு அந்த சோபாவில் கிடந்தாள். மாமனாரும் லாரி ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பொழுது போகாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பழைய சாமான் கடையிலிருந்து கையில் வைத்தும் ஆடக்கூடிய ஒரு கருவியை வாங்கி வந்து டிவியில் மாட்டியவர் அவர்தான். அவள் விளையாடினாள். அவர் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்து பார்த்தார். கால் சேர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. சோபாவின் இடது பக்கம் அவர் உட்கார்ந்து உட்கார்ந்தே குழி விழுந்துவிட்டது.

ஆட்டம் இதுதான். எத்தனையோ பூதங்களில் ஆறு பேரைப் பொறுக்கிக் குழு சேர்க்க வேண்டும். எதிராளியும் ஆறு பேரோடு வருவார். இருவரும் அடுத்தவரின் ஆறு பேரையும் பார்த்துக்கொண்டபின், தம் ஆறில் நால்வரை ரகசியமாகத் தேர்ந்து களத்தில் இறக்க வேண்டும். எந்த நால்வர் வருவார்கள் என்று ஊகிப்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது.

பூதங்களுக்கெல்லாம் மாமனாரே பெயர் வைத்தார். எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் தவளை, உம்மணாமூஞ்சி. சிறகை விரித்து மினுக்கிக்கொண்டு பறப்பவள், சீமாட்டி. வலை பின்னும் சிலந்தி, ஒட்டடை. பாறை உடம்புக்காரன், குண்டன். குண்டன்தான் அவருக்கு உயிர். அவன் நடப்பது ஆமை வேகம். ஆனால் ஒட்டடை வலை பின்னிவிட்டால் களத்தில் வேகம் தலைகீழாகிவிடும். மெதுவானவன் முதலில் அடிப்பான். அப்போது குண்டன் கையை ஓங்கினால் எதிரே ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். பெரியவள் அந்த ஜோடியை வைத்தே ஊரில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்களின் கிளப்பில் பெயர் வாங்கினாள். குண்டனைத் தேர்வு செய்ய அவள் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் மாமனார் பதறிப்போய்த் தாடையை இறுக்குவார். காலப்போக்கில் ஈறு சுருங்கி, பல்செட் கொஞ்சம் தளர்ந்ததும், அந்த இறுக்கலுக்கு ஒரு சத்தம் சேர்ந்துகொண்டது. டக். குண்டன் வருகிறான் என்று அர்த்தம். மேளதாளம் மாதிரி அவளுக்கு அது.

அண்ணன் தம்பி இருவரும், அதாவது இந்த இரண்டு மருமகள்களின் கணவன்மார்கள், இந்தக் கதையில் அதிகம் வரமாட்டார்கள். வீட்டிலும் அப்படித்தான்.

சின்னவள் இந்த வீட்டுக்கு வந்தது போன வருஷம். ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு டியூட்டி போடும் வேலை அவளுக்கு. காலை எழுந்தவுடன் எவளாவது ஒருத்தி போன் செய்து குழந்தைக்குக் காய்ச்சல் என்பாள். இன்னொருத்தி பஸ் வரவில்லை என்பாள். பல் தேய்த்துக்கொண்டே இவள் ஆளை மாற்றிப் போட்டுவிட்டுக் காபி குடிப்பாள். புது இடத்தில் பொழுது போகாமல் தவிக்கிறாளே என்று இரக்கப்பட்டு, தான் புதிது வாங்கியபின் ஒதுக்கிய பழைய கருவியை அவளுக்குத் தூக்கிக் கொடுத்தவளும் பெரியவள்தான். அந்தக் கையை இன்றைக்கும் அவள் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

கொடுத்த சில மாதங்களில், லேபில் வேலை தேங்கிப் பெரியவள் பொழுது சாய வீடு திரும்பிய ஒருநாள், மாமனார் வழக்கம்போல் தன் குழியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சின்னவள் இருந்தாள்.

"மாமா, சீமாட்டியை இறக்கவா, உம்மணாமூஞ்சியை இறக்கவா?"

"எதிர்ல இடிப் பூதம் இருக்கேம்மா. உம்மணாமூஞ்சியைப் போடு."

"போட்டுட்டேன். தோத்தா உங்க தலையிலதான்."

"என் தலையில முடி இருந்தாத்தானே பிடிப்பே!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரியவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் எதையும் கேட்டு விளையாடியதில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றியதில்லை. அவர் பார்த்தார், அவள் ஜெயித்தாள். அதற்குமேல் என்ன வேண்டும் என்று இருந்துவிட்டாள். இப்போது பார்த்தால், தவளையையும் சிலந்தியையும் பற்றிப் பேச அந்த மனிதருக்குள் இத்தனை பேச்சு இருந்திருக்கிறது!

"வாங்கக்கா. இடம் தரவா?" என்று சின்னவள் நகர்ந்தாள்.

"வேண்டாம். எனக்கு வேலை இருக்கு," என்று அவள் உள்ளே போய்விட்டாள். வேலை ஒன்றும் இல்லை.

அதன்பிறகு வந்த நாட்களில் அவளுக்கு எல்லாமே கசந்தது. சின்னவள் சிரித்தால் கசந்தது. சின்னவள் துவைத்துப் போட்ட துணி சீக்கிரம் காய்ந்தால்கூடக் கசந்தது. மாமனார் ஒருநாள் தாடையைத் தடவிக்கொண்டு வந்து, "பல்லு கொஞ்சம் ஆடுதும்மா. எப்ப நேரம் இருக்கோ பாரு," என்றார். "பாக்கறேன் மாமா," என்றாள். பார்க்கவில்லை. இன்னொரு முறை கேட்டார். "லேப்ல மெஷின் ரிப்பேர் மாமா," என்றாள். மெஷின் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆடட்டும், என்று நினைத்தாள். சின்னவளைப் பார்த்துச் சிரிக்கிற பல் ஆடினால் ஆடட்டும்.

இந்த நேரத்தில்தான் வட்டாரப் போட்டி அறிவித்தார்கள். ஜெயிக்கும் ஒருவருக்குத் தலைநகரில் நடக்கும் பெரிய போட்டியில் இடம் உண்டு. அந்த இடத்துக்காகப் பெரியவள் வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். விளையாடுபவர் ஒவ்வொருவரும் கூட ஒரு துணையாளை அழைத்து வரலாம். துணையாள் நாற்காலி போட்டுப் பின்னால் உட்காரலாம், ஆனால் வாயைத் திறக்கவோ கையை ஆட்டவோ கூடாது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சின்னவள் பட்டென்று கேட்டாள். "மாமா, எனக்குத் துணைக்கு நீங்கதான் வரணும். இப்பவே சொல்லிட்டேன்."

மாமனார் தட்டிலிருந்து நிமிர்ந்து பெரியவளைப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவள், 'அவர் என்கூட வர்றார்' என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே.

"போங்க மாமா. எனக்குத் துணையெல்லாம் எதுக்கு? நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"அப்ப சரிம்மா," என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து அவள் குழு சேர்க்கத் தொடங்கினாள். சேர்த்தாள் என்பதைவிட, வார்த்தாள் என்று சொல்வது பொருத்தம். சின்னவள் விளையாடும்போது சமையலறை வாசலில் துணி மடிக்கிற சாக்கில் நின்று பார்ப்பாள். எந்தப் பூதத்தை முதலில் இறக்குகிறாள், எப்போது பின்வாங்குகிறாள், எதற்குப் பயப்படுகிறாள் என்று எல்லாமே மனப்பாடம் ஆயிற்று. சின்னவளின் குழுவில் ஒவ்வொரு பூதத்துக்கும் இரண்டு வேலை தெரியும். வேகமாகவும் ஆடும், மெதுவாகவும் ஆடும். ஒருத்தி படுத்தால் அடுத்தவள் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வாள். ஆஸ்பத்திரி டியூட்டி போடுகிற புத்தி அப்படியே அதில் இருந்தது. பெரியவளுக்கு அது புரிந்தது. அழகாக இருக்கிறது என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சின்னவளின் சீமாட்டியை மடக்க ஒருவன், உம்மணாமூஞ்சியைத் தூங்கவிடாமல் அடிக்க ஒருத்தி என்று ஆறு இடங்களையும் அவளை மனதில் வைத்தே நிரப்பினாள். கடைசி இடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. நீண்ட நேரம் யோசித்துவிட்டு, குண்டனை எடுத்துவிட்டாள். சின்னவளுக்கு எதிராகக் குண்டனால் பெரிய பிரயோஜனம் இல்லை.

லேபில் பாலிஷ் போடும் தோழிக்கும் இந்த ஆட்டம் தெரியும். மதியம் சோற்று டப்பாவை மூடிவிட்டுப் பெரியவளின் திரையை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்னடி இது? குண்டன் எங்கே?"

"இந்தத் தடவை இல்ல."

"வேகமான ஆள் ஒருத்தர் வந்தா என்ன பண்ணுவ? தண்ணிப் பூதத்தோட எவனாவது வந்தா?"

"அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்."

தோழி திரையைத் திருப்பிக் கொடுத்தாள். "இது டீம் இல்லடி, பல்செட். யாரோ ஒருத்தி வாய்க்குத்தான் பொருந்தும். யாரு அந்தப் புண்ணியவதி?"

பெரியவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பல்செட் செய்பவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு ஏது? இம்மி பிசகாமல் பொருந்தினால்தானே வேலை.

போட்டி ஒரு மரச்சாமான் கடையின் மாடியில் நடந்தது. விற்காத சாப்பாட்டு மேஜைகளையே வரிசையாகப் போட்டு, சீட்டுக் குலுக்கிச் சுற்றுக்குச் சுற்று இருவரை எதிரெதிரே உட்காரவைத்தார்கள். மேஜைக் கால்களில் விலைச் சீட்டுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் வரும்போது சின்னவள் தன் கருவியை நோண்டிக்கொண்டே வந்தாள். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் தங்கள் ஆறு பேரையும் பதிவு செய்தார்கள். அதன்பிறகு மாற்ற முடியாது.

பெரியவளின் முதல் எதிராளி ஒரு கூரியர்காரர். பார்சல் பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே உட்கார்ந்தார். அவரிடம் தண்ணிப் பூதங்கள் இரண்டு இருந்தன. அவளிடம் தண்ணீருக்குப் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. சின்னவள் தண்ணிப் பூதம் வைப்பதில்லையே! எழுந்து போகும்போது அந்த மனிதர், "இன்னிக்கு உங்களுக்கு நேரம் சரியில்லை போல," என்று ஆறுதல் வேறு சொன்னார். அடுத்தவள் பூக்கடைக்காரி, சரசரவென்று வேகப் பூதங்களை இறக்கி, பெரியவள் வாயைத் திறக்குமுன் முடித்துவிட்டாள். யாரோ ஒருவர் தடுமாறியதில் ஒரு வெற்றி கிடைத்தது. பிறகு மறுபடி தோல்வி. கடைசிச் சுற்று வருவதற்குள் பெரியவளுக்குப் பெரிய போட்டியின் வாசல் அடைந்துவிட்டது. வருஷக்கணக்கான ஆசை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துபோனது.

ஆனால் கடைசிச் சுற்றில் அவளுக்கு எதிரே உட்கார வேண்டியவள் யார் என்று பலகையில் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. சின்னவள். அதுவரை எல்லாவற்றையும் ஜெயித்து, புள்ளியில் கூரியர்காரருக்கு ஒரு படி மேலே நின்றவள். இதையும் ஜெயித்தால் தலைநகரத்து இடம் அவளுக்கு. தோற்றால் கூரியர்காரருக்கு. வீட்டுக்குள் இருக்க வேண்டியது வெளியே போகும். போகட்டுமே, என்றது பெரியவளின் மனசு. கூசாமல் சொன்னது.

மூன்று ஆட்டம், இரண்டை ஜெயிப்பவர் ஜெயித்தவர். சின்னவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் மாமனார், சலவைச் சட்டையோடு, துணையாள் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு. இத்தனை வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்தவரை அவள் முதன்முறையாக எதிரே பார்த்தாள். அந்தக் காட்சி நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

திரையில் சின்னவளின் ஆறு பேரும் வந்தார்கள். பெரியவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீமாட்டி இல்லை. உம்மணாமூஞ்சி இல்லை. அந்த இடங்களில் ஒட்டடையும் குண்டனும் நின்றார்கள்.

"எப்ப மாத்தினே?"

"பஸ்லதான்க்கா. நேத்து பூரா யாரு யாரு வருவாங்க, எதைக் கொண்டு வருவாங்கன்னு யோசிச்சு மண்டை காஞ்சிடுச்சு. உங்க ஜோடி எதுக்கும் ஈடு கொடுக்கும்னு கடைசியில அதையே போட்டுட்டேன்."

"நான் வருவேன்னு யோசிக்கலையா?"

சின்னவள் வெள்ளையாகச் சிரித்தாள். "உங்களைப் பத்தி யோசிக்கவே இல்லக்கா. நீங்க நம்ம வீட்டு ஆள்தானே!"

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இத்தனை நாள் துணி மடிக்கிற சாக்கில் நின்று இவளையே நினைத்து, இவளுக்காகவே ஆறு பேரை வார்த்து, இவளுக்காகவே குண்டனைக் கைவிட்டு, வந்தவன் போனவனிடமெல்லாம் மூக்குடைபட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். இவளோ ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. பொறாமைப்படுவதற்குக்கூட எதிராளி கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா!

முதல் ஆட்டம். நால்வரைத் தேர்வு செய்யும் நேரம். கூடமே மூச்சடங்கியிருந்தது. சின்னவளின் விரல் பொத்தானை அழுத்திக்கொண்டே போயிற்று. மாமனாரின் பக்கமிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

பெரியவள் அதைக் கேட்டாள். ஆனால் பழகிய சத்தம் என்பதால் அதைப் பற்றி நினைக்கவில்லை. ஒட்டடை வலை பின்னி, பின்னாலேயே குண்டன் இறங்கி, அவளுடைய கடைசிப் பூதத்தின்மேல் கையை ஓங்கியபோதுதான் உறைத்தது. குண்டனைத் தேர்ந்ததும் டக் என்றிருக்கிறது. முதல் ஆட்டம் சின்னவளுக்கு.

இரண்டாவது ஆட்டம். பெரியவள் திரையைப் பார்க்கவில்லை. தலையை லேசாகச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். சின்னவள் ஒன்றைத் தேர்ந்தாள். இரண்டைத் தேர்ந்தாள். மூன்று. நான்கு. சத்தம் இல்லை. குண்டன் வரவில்லை. நிச்சயம் வரவில்லை. வேகமான நால்வர்தான் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டு, அதற்கேற்ற நால்வரை இறக்கிச் சின்னவளைச் சுருட்டிப் போட்டாள்.

"ஐயோ அக்கா, எப்படிக் கண்டுபிடிச்சீங்க!" சின்னவள் வாயைப் பிளந்தாள்.

"அனுபவம்," என்றாள் பெரியவள்.

நடுவர் மேஜைக்கு மேஜை நடந்துகொண்டிருந்தார். துணையாள் பேசக்கூடாது, சைகை காட்டக்கூடாது என்று விதி எழுதியவர்கள் பல்செட்டைப் பற்றி நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இன்னும் ஓர் ஆட்டம். அதே சத்தம், அல்லது அதே மௌனம். இரண்டில் எது வந்தாலும் போதும். சின்னவளின் இடம் போயிற்று. பெரியவளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் குமிழியிட்டது. உன் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் அவர் வாய் என் பேச்சைத்தான் கேட்கிறது, பார்த்தாயா?

அந்தச் சந்தோஷத்தோடு நிமிர்ந்தாள். மாமனார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் எப்போது தலையைச் சாய்ப்பாள், எதற்குச் சாய்ப்பாள் என்று அவருக்குத் தெரியாதா? வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தவர். அவர் கை மெதுவாக மேலே போய்த் தாடையைத் தொட்டது. முகத்தில் என்னவோ விளங்கிய மாதிரி ஒரு மாற்றம். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயை மறைத்துக்கொண்டு, குனிந்து, நிமிர்ந்தார். கைக்குட்டை உருண்டையாகச் சட்டைப்பைக்குள் போனது.

கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்தன. உதடு உள்ளே மடிந்துவிட்டது. பல் இல்லாமல் வெளியாட்கள் முன்னால் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. தபால்காரர் மணியடித்தால்கூடப் பல்லைப் போட்டுக்கொண்டுதான் கதவைத் திறப்பார். இப்போது ஒரு கூடம் நிறைய ஆட்களுக்கு நடுவே அப்படி உட்கார்ந்திருந்தார். பார்வையை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை. கோபம் இல்லை அதில். அதுதான் தாங்க முடியவில்லை.

வெட்கத்தில் அவளுக்குக் காதுமடல் சுட்டது. வெட்கத்துக்கு அடியில் இன்னொன்றும் சுட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்காக, நான் செய்த பல்லைக் கழற்றி வைத்துவிட்டார். எனக்கு எதிராகத் தன் வாயையே கழற்றி வைத்துவிட்டார்.

மூன்றாவது ஆட்டம். சின்னவள் தேர்வு செய்தாள். சத்தம் இல்லை. இருக்கவும் முடியாது. அந்த ஒட்டிய கன்னத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. யாரோ ஒரு முதியவர் மாதிரி இருந்தார். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. குண்டன் வருவானா மாட்டானா? வருவான், என்றது மனசு. வரவேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். தான் விட்டுவிட்டு வந்தவனை ஒருமுறை நேருக்கு நேர் பார்த்துவிடலாம் போலிருந்தது. குண்டனை எதிர்கொள்ளும் நால்வரைத் தேர்ந்தாள்.

குண்டன் வரவில்லை. வேகமான நால்வர் வந்து, அவளுடைய மந்தமான நால்வரைச் சுற்றிச் சுற்றி அடித்து முடித்தார்கள்.

சின்னவள் மேஜையைச் சுற்றி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "குண்டனை நீங்க எதிர்பார்ப்பீங்கன்னு நினைச்சேன்க்கா. இந்த ஒரு ஆட்டத்துலதான் உங்களைப் பத்தி யோசிச்சேன். ஜெயிச்சுட்டேன்!"

"நல்லா ஆடினே," என்றாள் பெரியவள். சொன்னாள், அவ்வளவுதான், மனசு இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். மாமனாரும் தட்டினார். சிரிக்க மட்டும் செய்யவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு தட்டினார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் சின்னவள் முன் இருக்கையில் உட்கார்ந்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனில் பிடித்துச் சேதி சொல்லிக்கொண்டு வந்தாள். பின்னால் பெரியவள் ஜன்னலோரம். மாமனார் வந்து அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தார்.

"கேட்டுச்சா உனக்கு?" என்றார். பல் இல்லாமல் பேச்சு காற்றாக வந்தது.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "கேட்டுச்சு மாமா."

அவர் தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டை உருண்டையை எடுத்து அவள் மடியில் வைத்தார். "நாளைக்காவது சரி பண்ணிக் கொடும்மா. அவ பெரிய போட்டிக்கும் கூப்பிட்டிருக்கா. அங்க இது சத்தம் போடக்கூடாது."

மறுநாள் லேபுக்கு விடுமுறை. பெரியவள் சாவி வாங்கி வந்து கதவைத் திறந்தாள். மாமனாரைத் தன் முக்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துண்டைக் கட்டினாள். மேஜைமேல் வாயைப் பிளந்து கிடந்த பிளாஸ்டர் ஈறுகளை அவர் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க," என்றார். வேலை சின்ன வேலைதான். பல்செட்டின் உள்பக்கம் பசையைத் தடவி வாயில் வைத்துக் கடிக்கச் சொல்ல வேண்டும். இறுகும் வரை அசையக்கூடாது. அந்த அச்சுக்கு உள்பூச்சுப் போட்டால் பிடித்துக்கொள்ளும். வாரக்கணக்காகத் தள்ளிப் போட்ட வேலை, ஒரு பிற்பகல்கூட ஆகாது.

பசையைக் குழைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "ஏன் மாமா அவ பின்னாடி போய் உக்காந்தீங்க?"

கேட்டுவிட்டாள். குழைக்கிற கை நின்றுபோனது.

அவருக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை போல. "அவ கூப்பிட்டா," என்றார். "நீ கூப்பிடலையேம்மா."

"நான் கூப்பிட்டாத்தான் வருவீங்களா? எத்தனை வருஷமா..."

"எத்தனை வருஷமா நானா வந்து உக்காந்தேன். நீ ஒரு வார்த்தை கேட்டதில்ல, ஒரு தடவை திரும்பிப் பார்த்ததில்ல. என்னால உனக்குத் தொந்தரவோன்னுகூட சில நாள் நினைச்சிருக்கேன்."

அதற்குள் பசை இறுகத் தொடங்கிவிட்டது. இனி அது உதவாது. வழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் குழைத்தாள். பல்செட்டின் உள்ளே தடவினாள். சாய்ந்த முன்பல்லை விரல் தானாக ஒருமுறை தொட்டது.

"ஆ காட்டுங்க மாமா. கடிச்சுக்கோங்க. அப்படியே இருக்கணும். பேசக்கூடாது, அசையக்கூடாது, முழுங்கக்கூடாது. அச்சு கெட்டுடும்."

அவர் கடித்துக்கொண்டார். கண் மட்டும் அசைந்தது. இது சரியானபின் அந்த வாயிலிருந்து சத்தம் வராது. சின்னவளின் பின்னால் உட்கார்ந்து குண்டனுக்காக அவர் எவ்வளவு பதறினாலும் யாருக்கும் கேட்காது. இவளுக்கும் கேட்காது. அவள் அவருடைய தாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா," என்றாள். பதில் சொல்ல முடியாத வாயிடம் கேட்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது. "இன்னிக்கு சாயந்திரம் விளையாடலாம்னு இருக்கேன். குண்டனைத் திரும்பச் சேர்த்துட்டேன். மத்த அஞ்சு பேரு யாருன்னு தெரியல. நீங்க வந்து சொல்றீங்களா?"

அவர் கண் அவளைப் பார்த்தது. தலையை ஆட்டப் போனார். அவள் தாடையை விடவில்லை.

"ஆடாதீங்க மாமா. இன்னும் இறுகல."